முதல் ஆட்டத்திலேயே ஆறு ரன்: பையனை நிறுத்திவிடலாமா?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் மகனுக்கு 15 வயது. பள்ளி பேஸ்பால் அணியில் போன வாரம்தான் முதல் தடவையாகப் பிட்சராக (பந்து வீசுபவனாக) இறங்கினான். இரண்டாவது இன்னிங்ஸைக்கூட முடிக்கவில்லை. 52 பந்து, 5 வாக் (நான்கு தவறான பந்து வீசி ஆளைச் சும்மா பேஸுக்கு விடுவது), 6 ரன். கோச் மைதானத்துக்குள் வந்து பந்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து 'இனிமேல் பிட்ச் பண்ண மாட்டேன்' என்கிறான். என் கணவர் கல்லூரியில் கிரிக்கெட் ஆடியவர். ஆக்‌ஷன்தான் கோளாறு, தனியாக ஒரு பயிற்சியாளரைப் பிடித்து மாற்றிவிடலாம் என்கிறார். பெரிய பெரிய பிட்சர்களும் ஆரம்பத்தில் அடி வாங்கியவர்கள்தானே என்று நண்பர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். இவன் தேறுவானா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்? ஸ்கோர் புக் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்."

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி. அவனுக்கு முழங்கையின் உள்பக்கமோ தோளோ வலிக்கிறதா? வலித்தால் நான் கீழே எழுதியிருப்பது எதையும் இப்போது செய்ய வேண்டாம். வீசுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். 15 வயதில் பல பையன்களுக்கு முழங்கை எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் முழுதாக மூடியிருக்காது. வேகமாக எறியும்போதெல்லாம் இழுபடுவது அந்த இடம்தான். வலியை மறைத்துக்கொண்டு வீசுகிற பையனுக்குப் பந்து சொன்ன இடத்துக்குப் போகாது. பார்க்கிறவர்கள் அதை ஆக்‌ஷன் கோளாறு என்பார்கள். நேராகக் கேட்டால் "இல்லம்மா" என்றுதான் சொல்வான். பல் தேய்க்கும்போதும் புத்தகப் பையைத் தூக்கும்போதும் கையை எப்படிப் பிடிக்கிறான் என்று பாருங்கள்.

வலி இல்லை என்றால், ஸ்கோர் புக்குக்கு வருவோம்.

அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தேன். முதல் இன்னிங்ஸில் முதல் ஆளை ஸ்ட்ரைக் அவுட் செய்திருக்கிறான் (உரிய எல்லைக்குள் வந்தும் அடிக்காமல் விட்ட பந்தும், மட்டையை வீசித் தவறவிட்ட பந்தும் ஸ்ட்ரைக்; மூன்று சேர்ந்தால் அவுட்). அடுத்தவருக்கு வாக். அதற்கடுத்தவர் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) கைக்கே தரையோடு அடிக்கிறார், அவர் கோட்டை விடுகிறார். பிறகு வலது பக்கம் யாருக்கும் எட்டாமல் தொப்பென்று விழுந்த ஒரு சிங்கிள் (ஒரு பேஸ் ஹிட்), ஒரு ரன். இன்னொரு வாக். அடுத்த ஆள் ஸ்ட்ரைக் அவுட். ஷார்ட்ஸ்டாப் அந்தப் பந்தைப் பிடித்திருந்தால் இன்னிங்ஸ் இங்கேயே முடிந்திருக்கும். முடியாததால் இன்னொரு சிங்கிள், மேலும் இரண்டு ரன். அதற்கடுத்தவர் அவுட். இரண்டாவது இன்னிங்ஸில் வாக், ஸ்ட்ரைக் அவுட், வாக், வாக், பிறகு ஒரு உயரமான கேட்ச், அது பிடிபட்டதும் மூன்றாம் பேஸில் நின்றவர் ஓடி வந்து ஒரு ரன். அதோடு அவனை எடுத்துவிட்டார்கள். பேஸில் மிச்சமிருந்த இரண்டு பேரும் அடுத்து வந்த பிட்சர் கொடுத்த டபுளில் (இரண்டு பேஸ் ஹிட்) ஓடி வந்தார்கள். அந்த ரன்களும் இவன் கணக்கில்தான் ஏறும், விதி அப்படி.

ஆக, 13 பேருக்கு வீசியிருக்கிறான். அதில் பிழையின் உதவி இல்லாமல் பந்தை அடித்து பேஸுக்குப் போனவர்கள் இரண்டே பேர்தான். மூன்று பேர் ஸ்ட்ரைக் அவுட். ஆறு ரன்னில் இரண்டு, ஷார்ட்ஸ்டாப்பின் பிழையால் வந்தவை. உங்கள் மகன் அடி வாங்கவில்லை அம்மா. அவனை யாரும் விளாசவில்லை. அவன் வாக் கொடுத்திருக்கிறான். இது வேறு நோய், இதற்கு மருந்தும் வேறு.

நண்பர்கள் சொல்லும் ஆறுதலில் எனக்கு உடன்பாடு இல்லாத இடம் இதுதான். அவர்கள் சொல்லும் தகவலில் தப்பில்லை. கிரெக் மேடக்ஸ் சிகாகோ கப்ஸ் அணிக்கு 1987இல் ஆடிய முதல் முழு சீசனில் 6 வெற்றி, 14 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 5.61 ரன் விட்டார் (ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்களைச் சேர்க்காத இந்தச் சராசரியைத்தான் இ.ஆர்.ஏ. என்கிறார்கள்). மறுவருடமே 18 வெற்றி. முடிக்கும்போது 355. டாம் கிளாவின் 1988இல் 17 ஆட்டங்களில் தோற்றார். பிறகு இரண்டு முறை சை யங் விருது (வருடத்தின் சிறந்த பிட்சருக்குத் தருவது) வாங்கி 305 வெற்றியோடு ஓய்வுபெற்றார். ஆனால் இதையெல்லாம் வரிசையாகக் கேட்கிற பையனுக்கு, பொறுத்திருந்தால் தானாகச் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். ஆரம்பத்தில் சறுக்கிய எத்தனையோ பேர் அப்படியே காணாமல் போயிருக்கிறார்கள், அவர்கள் பெயர் யார் வாயிலும் வருவதில்லை. தேறியவர்களைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால், பலரிடம் குறிப்பான ஒரு கோளாறு இருந்தது, யாரோ ஒருவர் அதைக் கண்டுபிடித்தார், அவர்களும் அதை மாற்றிக்கொண்டார்கள்.

உங்கள் மகனுக்குப் பொருத்தமானது சாண்டி கோஃபேக்ஸின் கதை. புரூக்ளினில் வளர்ந்தவர். டாட்ஜர்ஸ் அணி அவரைப் பெரிய தொகை கொடுத்து எடுத்தது. அந்தக் காலத்து விதிப்படி, 4000 டாலருக்கு மேல் ஒப்பந்தப் பணம் வாங்கிய இளைஞரை இரண்டு வருடம் முதல் அணியிலேயே வைத்திருக்க வேண்டும், கீழ்நிலை லீக்குக்கு அனுப்பிப் பழக்க முடியாது. அதனால் 1955இல், 19 வயதில், நேராக மேஜர் லீக். பந்தில் வேகம் இருந்தது, எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. முதல் ஆறு சீசன்களில் மொத்தம் 36 வெற்றி, 40 தோல்வி. 1960இல் 175 இன்னிங்ஸில் 100 வாக். பேசாமல் விட்டுவிடலாமா என்று அவரே யோசித்த காலம் அது.

1961 வசந்தகாலப் பயிற்சி ஆட்டம் ஒன்றில் கேட்சர் (பிட்சர் வீசும் பந்தைப் பிடிப்பவர்) நார்ம் ஷெர்ரி அவரிடம் வந்து சொன்னது ரொம்பச் சாதாரணமான விஷயம். இவ்வளவு பலமாக எறியாதே, கொஞ்சம் தளர்த்தி வீசு, அவர்கள் அடிக்கட்டும். தளர்த்தினார். வேகம் பெரிதாகக் குறையவில்லை, பந்து மட்டும் சொன்ன இடத்துக்குப் போக ஆரம்பித்தது. அந்த வருடம் 255 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 96 வாக் மட்டும், 269 ஸ்ட்ரைக் அவுட். 1963இல் 311 இன்னிங்ஸில் 58 வாக். அந்த வருடமும் 1965, 1966இலும் சை யங் விருது. வாக் எண்ணிக்கை இறங்க இறங்க மற்றதெல்லாம் தானாக ஏறியதைப் பாருங்கள்.

ரேண்டி ஜான்சனும் இதே ஜாதி. 6 அடி 10 அங்குலம், கையும் காலும் ஒத்துழைக்காத உயரம். 1990இலிருந்து மூன்று வருடம் அமெரிக்கன் லீக்கிலேயே அதிக வாக் கொடுத்தவர் அவர்தான், 1991இல் மட்டும் 152. 1992இல் மூத்த பிட்சர் நோலன் ரயனும் பயிற்சியாளர் டாம் ஹவுஸும், முன்கால் தரையில் இறங்கும்போது குதிகால் முதலில் படுகிறது, பாதத்தின் முன்பகுதி படும்படி இறங்கு என்றார்கள். 1993இல் வாக் 99 ஆனது, ஸ்ட்ரைக் அவுட் 308. ஒரு காலடி எப்படி விழுகிறது என்பதுதான் வித்தியாசம்.

சரி, இனி உங்கள் கணவரின் யோசனை. முழு ஆக்‌ஷனையும் மாற்றித் தேறியவர் ஒருவர் இருக்கிறார், ராய் ஹாலடே. டொராண்டோ அணிக்கு 1998 சீசனின் கடைசி நாளில் ஆடிய ஆட்டம் அவருக்கு இரண்டாவது ஆட்டம்தான். அதில் 26 பேரை அவுட் ஆக்கும்வரை ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை, ஒரே ஒரு அவுட் பாக்கி இருந்தபோதுதான் ஹோம் ரன் போனது. அப்படிப்பட்டவர் 2000இல் நொறுங்கிப் போனார். 67 இன்னிங்ஸ் சொச்சத்தில், பிழையால் வந்தவை போக, 80 ரன், இ.ஆர்.ஏ. 10.64. ஒரு சீசனில் 50 இன்னிங்ஸாவது வீசியவர்களில் மேஜர் லீக் வரலாற்றிலேயே மோசமான கணக்கு அது. பந்து வேகமாகத்தான் வந்தது, ஆனால் நேராக வந்தது. நேராக வரும் பந்தை அந்த நிலையில் ஆடுபவர்கள் விட்டுவைக்க மாட்டார்கள்.

2001இல் அவரைக் கீழே இறக்கி, டனீடினில் இருந்த ஏ நிலை அணியில் (கீழ்நிலை லீக்குகளில் ஒன்று) போட்டார்கள். மேஜர் லீக்கில் ஆடியவருக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வருடம் மெல் குவீன் என்ற பயிற்சியாளர் அவர் கையை உச்சியிலிருந்து கொஞ்சம் சாய்வாக இறக்கினார், பந்தைப் பிடிக்கும் முறையை மாற்றினார், பந்து கடைசி நேரத்தில் அசையத் தொடங்கியது. மனப்பயிற்சிக்கு ஹார்வி டார்ஃப்மன் உதவினார். அதே வருடம் ஜூலையில் மேலே திரும்பினார். 2003இல் 22 வெற்றி, சை யங் விருது. 2010இல் பிலடெல்பியாவுக்கு ஆடும்போது மே மாதம் ஒரு பெர்ஃபெக்ட் கேம் (ஒருவரைக்கூட பேஸுக்கு விடாத ஆட்டம்), அக்டோபரில் பிளே ஆஃப் ஆட்டத்தில் ஒரு நோ ஹிட்டர் (ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்), கூடவே இரண்டாவது சை யங்.

ஆனால் அவர் எப்போது மாற்றினார், எங்கே வைத்து மாற்றினார் என்பதைக் கவனியுங்கள். ஒரு முழு சீசன் பார்த்து, இதுதான் கோளாறு என்று தெரிந்த பிறகு, ரன் கணக்கை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத இடத்தில் வைத்து மாற்றினார்கள். ஒரு ஆட்டத்தை வைத்து, சீசன் நடுவில், பள்ளி கோச்சைக் கேட்காமல் ஆக்‌ஷனை மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பள்ளியில் ஒருவர் ஒன்று சொல்ல, சனிக்கிழமை தனிப் பயிற்சியாளர் வேறொன்று சொன்னால், பிட்சர் நிற்கும் மேட்டில் இருக்கிற பையன் எதைக் கேட்பான்? கிரிக்கெட் கண்ணும் இங்கே ஏமாற்றும். ஓடி வந்து கையை நீட்டிச் சுழற்றும் பந்துவீச்சு வேறு. ஒரே இடத்தில் காலை ஊன்றி, முழங்கையை மடக்கி எறிவது வேறு. உங்கள் கணவருக்குத் தப்பாகத் தெரிவது இந்த ஆட்டத்தில் சரியாகவே இருக்கலாம். தனிப் பயிற்சியாளர் வேண்டுமென்றால் சீசன் முடிந்தபின் பாருங்கள், கோச்சிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான், பந்து எங்கே தவறுகிறது என்று பார்ப்பது. பெரும்பாலும் மேலே போகிறதா, ஒரே பக்கமாக வெளியே போகிறதா, திசைக்கு ஒன்றாகச் சிதறுகிறதா? ஒரே இடத்தில் தவறினால் நல்ல செய்தி, ஏதோ ஒரு பழக்கம் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று அர்த்தம். கோச் அதைச் சுலபமாகப் பிடித்துவிடுவார். சிதறினால் பெரும்பாலும் அவசரமோ அளவுக்கு மீறிய பலமோ காரணமாக இருக்கும், கோஃபேக்ஸுக்கு ஷெர்ரி சொன்னதுதான் அங்கே மருந்து. ஐந்து வாக்கில் மூன்று, பேஸில் ஆள் நிற்கும்போது வந்தவை என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன். ஆள் நிற்கும்போது பிட்சர் பக்கவாட்டாக நின்று சுருக்கமாக வீச வேண்டும். பல பையன்கள் அதைப் பயிற்சியில் தொடுவதே இல்லை. பயிற்சி வீச்சில் பாதியை அப்படி வீசச் சொல்லுங்கள். யாராவது ஒருவர் ஹெல்மெட்டோடு மட்டையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றால் இன்னும் நல்லது. வெறும் கேட்சருக்கு வீசும்போது ஸ்ட்ரைக்காகப் போகும் பந்து, எதிரே ஒரு ஆள் நின்றால் ஏனோ விலகும்.

திரும்பி வர நல்ல வழி, ஆட்டத்தின் நடுவில் ஒரே ஒரு இன்னிங்ஸ் வீசுவது. கோச்சிடம் அவனே போய்க் கேட்கட்டும், நீங்கள் போக வேண்டாம். அதுவரை ஒன்றை மட்டும் எண்ணுங்கள். ஒவ்வொரு ஆளுக்கும் அவன் வீசும் முதல் பந்து ஸ்ட்ரைக்கா இல்லையா? ரன்னை எண்ணாதீர்கள். டெட்ராய்ட்டின் டாரிக் ஸ்கூபல் 2020இல் அறிமுகமான வருடம் 32 இன்னிங்ஸில் 9 ஹோம் ரன் கொடுத்தார், இ.ஆர்.ஏ. 5.63. ஆனால் அதே 32 இன்னிங்ஸில் 37 ஸ்ட்ரைக் அவுட், 11 வாக்தான். ரன்னைப் பார்த்தவர்கள் தலையை ஆட்டினார்கள், இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தவர்கள் காத்திருந்தார்கள். நடுவில் முழங்கை அறுவை சிகிச்சையும் வந்துபோனது. 2024இலும் 2025இலும் சை யங் அவருக்குத்தான்.

கை விஷயத்தில் கணக்கு கறாராக இருக்கட்டும். மேஜர் லீக்கும் யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் வெளியிட்டிருக்கும் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியின்படி, 15–16 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்து. 46 முதல் 60 பந்து வீசினால் இரண்டு நாள் ஓய்வு, 76 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள். வருடத்தில் குறைந்தது நான்கு மாதம் போட்டியில் பிட்ச் செய்யக் கூடாது. வெட்கத்தில், வீட்டுக்கு வந்ததும் சுவரில் நூறு பந்து எறிகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். அன்று 52 வீசியவன் மறுநாள் எறிந்தானா என்று விசாரியுங்கள்.

கடைசியாக, விட்டுவிடலாமா என்ற கேள்வி. ஒரு ஆட்டத்தை வைத்து விட வேண்டாம், இந்த சீசன் முடியட்டும். அதற்குப் பிறகும் மேட்டில் ஏறப் பிடிக்கவில்லை என்றால் அவன் பேச்சைக் கேளுங்கள். செயின்ட் லூயிஸின் ரிக் ஆங்கீல் 2000இல் மிகச் சிறந்த இளம் பிட்சர்களில் ஒருவர். அந்த வருட பிளே ஆஃபில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து வைல்ட் பிட்ச் (கேட்சரால் பிடிக்க முடியாதபடி விலகிப் போகும் பந்து) எறிந்தார், பிறகு அந்தக் கட்டுப்பாடு முழுதாகத் திரும்பவே இல்லை. வருடக்கணக்கில் போராடிவிட்டு, அவுட்ஃபீல்டராக மாறி 2007 ஆகஸ்டில் அதே அணிக்கு வந்தார். வந்த முதல் ஆட்டத்திலேயே ஹோம் ரன் அடித்தார். பிட்சர் இடம் வேண்டாம் என்றால் ஆட்டமே வேண்டாம் என்று ஆகாது. மற்ற நாட்களில் அவன் எந்த இடத்தில் நிற்கிறான், மட்டை எப்படிப் பிடிக்கிறான் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அடுத்த முறை எழுதும்போது அதையும் சேர்த்து, முதல் பந்து ஸ்ட்ரைக் கணக்கோடு அனுப்புங்கள்.