மூளையின் முன்பகுதியில் டோபமைன் அதிகமானால் கவனம் கூடுமா?

கேட்கப்பட்ட கேள்வி: "டோபமைன் சந்தோஷ ரசாயனம் என்கிறார்கள். அது மூளையின் முன்பகுதிக்கு நிறையப் போனால் கவனமும் ஞாபகமும் கூடுமா? அதற்கு என்ன சாப்பிட வேண்டும்?"

ஓரளவு வரை கூடும். அதைத் தாண்டினால் குறையும். அந்த அளவும் ஆளுக்கு ஆள் வேறு. சாப்பாட்டுக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

ஆய்வு மாணவனாக இருந்தபோது எலி மூளையை 40 மைக்ரான் தடிமனில் சீவி, டோபமைன் தயாரிக்கும் நொதி இருக்கும் இழைகள் பழுப்பாகத் தெரியும்படி சாயமேற்றுவது என் வேலை. முதல் தடவை ஸ்லைடைத் தூக்கிப் பார்த்தேன். ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி டிகாக்‌ஷன் கொட்டியது போல் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. எனக்கு வேண்டிய முன்நெற்றிப் புறணி, அதாவது பிரீஃப்ரன்டல் கார்ட்டெக்ஸ், வெளிறிக் கிடந்தது. மூன்று நாள் உழைப்பு போச்சு என்று கைடிடம் போய், "மேடம், ஸ்டெயின் பிடிக்கவில்லை" என்றேன். அவர் லென்ஸை மாற்றிவிட்டு, "இப்போ பாரு" என்றார். மணி கோத்த நூல் போல, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள், ஒன்று இங்கே, ஒன்று அங்கே. அவ்வளவுதான் இருந்தது.

இந்த இழைகள் நடுமூளையில், வென்ட்ரல் டெக்மென்டல் ஏரியா என்ற சின்ன இடத்திலிருந்து கிளம்பி முன்னால் வருகின்றன. ரொம்ப நாள் யாரும் இவற்றைக் கண்டுகொள்ளவில்லை. புறணியில் இருக்கும் டோபமைன், நார்அட்ரினலின் என்ற இன்னொரு மூளை ரசாயனம் தயாராகும் வழியில் வரும் இடைப்பொருள் என்றே நினைத்திருந்தார்கள். 1973இல் பாரிஸில் ஆன்-மாரி தியெர்ரி குழுவினர்தான் புறணிக்கென்று தனி டோபமைன் இழைகள் இருப்பதைக் காட்டினார்கள்.

இவ்வளவு சொற்பமான இழைகளால் என்ன ஆகிவிடும் என்று எனக்கும் தோன்றியது. 1979இல் ரீசஸ் குரங்குகளில் செய்த ஒரு சோதனையைப் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை. இடம், வலம் என்று மாறி மாறித் தீனியை எடுக்க வேண்டும். நடுவில் சில விநாடி இடைவெளி. போன தடவை எந்தப் பக்கம் எடுத்தோம் என்பதை மனதில் வைத்திருந்தால்தான் முடியும். முன்நெற்றிப் புறணியில் டோபமைனை மட்டும் தீர்த்துவிட்டார்கள். அந்தப் பகுதியையே வெட்டி எடுத்தால் எவ்வளவு தடுமாறுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு தடுமாறின குரங்குகள். மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் எல்-டோபா என்ற மருந்தைக் கொடுத்ததும் தேறின. சந்தோஷத்துக்கு இதில் வேலையே இல்லை, பாருங்கள்.

அமெரிக்க மூளை ஆய்வாளர் பட்ரீஷியா கோல்ட்மன்-ராகிச் குழுவினர் 1989இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டது இன்னும் அழகானது. புறணி நியூரானின் கிளைகளில் குட்டிக் குட்டி முட்கள் இருக்கும். சில முட்களில் இரண்டு இழைகள் வந்து ஒட்டுகின்றன: ஒன்று செய்தி கொண்டுவரும் இழை, இன்னொன்று டோபமைன் இழை. செய்தி எவ்வளவு உறைக்க வேண்டும் என்பதை இந்த இரண்டாவது இழை மாற்ற முடியும். 1995இல் அவரது ஆய்வகம் டி1 என்ற டோபமைன் ஏற்பியை, அதாவது நியூரானில் டோபமைன் வந்து ஒட்டும் புரதத்தை, குரங்குகளில் கொஞ்சமாகத் தடுத்துப் பார்த்தது. நினைவில் வைக்கும் நியூரான்களின் வேலை கெடவில்லை, கூர்மையானது! தடுப்பைக் கூட்டியதும் அந்த நியூரான்கள் ஓய்ந்துவிட்டன. குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல்.

சாம்பாருக்கு உப்பு போல என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் இங்கே ஒவ்வொருவர் சாம்பாரிலும் ஏற்கெனவே எவ்வளவு உப்பு கிடக்கிறது என்று தெரியாது. ஸ்ட்ரையேட்டத்தில் சிந்திய டோபமைனை உடனே உறிஞ்ச ஏராளமான பம்புகள் உண்டு. முன்நெற்றிப் புறணியில் அவை மிகக் குறைவு. அதனால் டோபமைனைச் சிதைக்கும் காம்ட் என்ற நொதியின் வேகம் இங்கே முக்கியமாகிறது. அந்த மரபணுவில் மெட், வால் என்று இரு வகை. மெட் வகை நொதி மந்தமானது, ஆகவே டோபமைன் அதிக நேரம் தங்கும். 2003இல் அமெரிக்காவில் இரு வகையினருக்கும் டோபமைனைக் கூட்டும் ஆம்ஃபெட்டமின் (ஏடிஎச்டி என்ற கவனக்குறைவுக் கோளாறுக்கும் தரும் மருந்து) கொடுத்து, நினைவுச் சோதனையின்போது மூளையைப் படம்பிடித்தார்கள். வால் வகையினரின் முன்மூளை சிக்கனமாக வேலை செய்தது. மெட் வகையினர் சோதனை கடினமானதும் திணறினார்கள். ஒரே மாத்திரை! அதனால்தான், நண்பனுக்கு மருத்துவர் எழுதித் தந்த ஏடிஎச்டி மாத்திரையைப் பரீட்சைக்கு முன் வாங்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பரீட்சை என்றதும் ஞாபகம் வருகிறது. அதே பாரிஸ் குழு 1976இல் எலிகளின் காலில் மின்னதிர்ச்சி கொடுத்தபோது, மற்ற டோபமைன் பாதைகளைவிட முன்மூளைக்குப் போகும் பாதைதான் முந்திக்கொண்டு விழித்தது. பதற்றத்தில் படித்ததெல்லாம் மறந்துபோவதற்கு இந்த வெள்ளமும் ஒரு காரணம். ஆக, வைவாவில் பேந்தப் பேந்த விழிக்கும் பிள்ளைக்கு அந்த நேரத்தில் டோபமைன் போதவில்லை என்று சொல்லவே முடியாது.

சரி, சாப்பாடு. வாழைப்பழத்தில் டோபமைன் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பை டோபமைன் தாண்டாது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு டோபமைனாகவே கொடுக்காமல் எல்-டோபாவாகக் கொடுப்பதும் இதனால்தான். வாழைப்பழத்தை வாழைப்பழத்துக்காகவே சாப்பிடுங்கள்.