காலையில் எத்தனை நிமிடம் விறைப்பு?

கேள்வி: எனக்கு வயது 52. மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. அதிலிருந்து தோள், முழங்கால், கை விரல் என்று வலி இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. காலையில் குக்கர் மூடியைத் திறக்கக்கூட வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. எக்ஸ்-ரேயில் ஒன்றும் இல்லையாம். 'எல்லாம் மனசுதான் அண்ணி' என்கிறார் நாத்தனார். மெடிக்கலில் வாங்கும் செட் மாத்திரையில்தான் நாள் ஓடுகிறது. வேறு வழி உண்டா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: மனசு இல்லை சகோதரி, நாத்தனாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கர்ப்பப்பைக்கு மட்டுமான சமாச்சாரம் இல்லை. எலும்பு, தசை, மூட்டு எல்லாவற்றிலும் அதற்கு வேலை உண்டு. மாதவிடாய் நிற்கிற சமயத்தில் அது குறையும்போது பலருக்கு இப்படித்தான் உடம்பு பிடித்துக்கொள்கிறது. எக்ஸ்-ரே பெரும்பாலும் எலும்பைத்தான் காட்டும், தசையின் கஷ்டம் அதில் விழாது.

ஆனால் எல்லாப் பழியையும் மெனோபாஸ் மேலேயே போட்டுவிடாதீர்கள். நான் பிசியோதெரபிஸ்ட். வருடக்கணக்கில் அடுத்தவர் தோளைத் திருப்பிவிட்ட எனக்கே 51 வயதில் இடது தோள் இறுகிப்போனது. ஜடைக்குக் கை எட்டாமல் மகள்தான் பின்னிவிட்டாள். நான் பார்த்த டாக்டர், 'வயசானா அப்படித்தாம்மா' என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். நானாக ரத்தம் கொடுத்துப் பார்த்தேன், சர்க்கரை இருந்தது. சர்க்கரையும் தைராய்டும் உள்ளவர்களுக்குத் தோள் இறுகுவது அதிகம்.

அதனால் ஒரு வாரம் கடிகாரத்தைப் பாருங்கள். எழுந்ததிலிருந்து விரல் விறைப்பு விட எத்தனை நிமிடம் ஆகிறது என்று காலண்டரில் குறியுங்கள். அரை மணிக்குள் விட்டுவிட்டால் பெரும்பாலும் தேய்மானம் அல்லது இந்த வயதின் வலி. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், அதுவும் இரண்டு கையிலும் விரல் கணுக்கள் வீங்கியிருந்தால், முடக்குவாதமாக இருக்கலாம். மூட்டு, வாத நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜி டாக்டரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள். சீக்கிரம் பிடித்தால் விரல் கோணாமல் காப்பாற்றலாம். சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் டி, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். என நான்கு ரத்தப் பரிசோதனைகளையும் ஒரே தடவையில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் அந்த செட் மாத்திரை. பெயரே தெரியாமல் காகிதத்தில் மடித்துத் தருவதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்புண்டு. ஏற்கெனவே எலும்பு மெலியும் வயதில் அது இன்னும் மெலிய வைக்கும். வலி மாத்திரையோ வயிற்றையும் கிட்னியையும் பதம் பார்க்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், அவர் சொல்கிறபடி விடுங்கள். ஹார்மோன் மாத்திரை பற்றியும் மகப்பேறு டாக்டரிடம் கேட்கலாம். மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டியோ வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வலிக்கிறது என்று படுத்தால் தசை கரையும், கரைந்தால் மூட்டுக்குத் தாங்கல் போய்விடும். நடை மட்டும் போதாது, தசைக்குப் பளு வேண்டும். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் எட்டு தடவை உட்கார்ந்து எழுந்திருங்கள். சுவரில் உள்ளங்கையை வைத்து எட்டு தடவை தள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். மறுநாளும் வலி கூடியே இருந்தால் எட்டை ஐந்தாக்குங்கள், விட்டுவிடாதீர்கள். எனக்குத் தோள் விட ஒன்றரை வருடம் பிடித்தது.

கேழ்வரகுக் கூழ் குடிப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள், நல்லது. கூடவே முட்டையோ சுண்டலோ தினமும் வேண்டும், கூழ் மட்டும் தசையை வளர்க்காது.

காலையில் ஐந்து நிமிடம் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, விரல்களை மடக்கி நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போங்கள். அதுவரை காபியை வீட்டுக்காரர் போடட்டும்.