டின்டர்ன் மடாலயம்: அந்த டூர் வேண்டாம்

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம், கார் இல்லை. ஊரிலிருந்து வரும் அம்மாவுக்கு முட்டிவலி. வேல்ஸில் இடிபாடாக நிற்கும் டின்டர்ன் மடாலயத்தை பாத் நகரம், ஸ்டோன்ஹெஞ்சுடன் ஒரே நாளில் காட்டுவதாக ஏஜென்ட் சொல்கிறார். போகலாமா? இங்கிலாந்தின் பழைய சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜின் உறுப்பினர் அட்டை எங்களிடம் இருக்கிறது, அங்கே செல்லுமா?

பதில்: போகாதீர்கள். பாதி நாள் சாலையிலேயே போய்விடும். இத்தகைய டூர்கள் சிலவற்றில் வேலிக்கு வெளியே நிறுத்தி, போட்டோ எடுக்க விட்டுக் கிளப்பிவிடுவார்கள். நுழைவுக் கட்டணம் சேர்த்தியா, உள்ளே எத்தனை நிமிடம் என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் ஆளை விடுங்கள். கூடுதல் விலைக்குச் சீட்டு விற்கும் இணையதளங்களும் வேண்டாம். மடாலயத்தைப் பராமரிக்கும் வேல்ஸ் அரசின் கடூ (Cadw) அமைப்பிடமே நேரடியாக வாங்கலாம்.

லண்டன் பேடிங்டன் ஸ்டேஷனிலிருந்து நியூபோர்ட், அங்கே ரயில் மாறி செப்ஸ்டோ. அங்கிருந்து மடாலயம் சுமார் 8 கி.மீ. 69ஆம் எண் பஸ் உண்டு. ஆனால் எப்போதாவதுதான் வரும், பஸ் நிலையத்துக்கு மேடேறி நடக்கவும் வேண்டும். ரயில் வரும் நேரத்துக்கு ஒரு பஸ்ஸை விட இத்தனை வருடமாக யாருக்கும் மனம் வரவில்லை! அம்மாவுக்காகப் போக, வர இரண்டுக்கும் டாக்சியை முன்பே பதிவு செய்யுங்கள். வரைபடத்தில் தெரியும் 'டின்டர்ன் பழைய ஸ்டேஷ'னை நம்பி ஏமாறாதீர்கள். அங்கே பயணிகள் ரயில் 1959இலேயே நின்றுவிட்டது.

அட்டை விஷயத்தில்தான் பலர் வாசலில் சண்டை போடுகிறார்கள். இங்கிலிஷ் ஹெரிடேஜில் சேர்ந்த முதல் வருடம் பாதிக் கட்டணம். புதுப்பித்த பிறகே இலவசம். அதாவது போன மாதம் சேர்ந்திருந்தால் பாதி கட்டத்தான் வேண்டும். இரண்டாம் வருட அட்டை கையில் இருந்தால் கட்ட வேண்டாம். நேஷனல் டிரஸ்ட் என்ற இன்னொரு அமைப்பின் அட்டை செல்லாது.

இன்னொன்று, ஏஜென்ட் சொல்லாதது. 1536இல் மடத்தை மூடி, கூரையில் இருந்த ஈயத் தகட்டை உரித்ததிலிருந்து மடாலயத்தின் மணற்கல் மழையில் அரிக்கிறது. பராமரிப்பு வேலைக்காகத் தேவாலயத்தின் பகுதிகளை அடைத்துவைப்பார்கள். எது திறந்திருக்கிறது என்று கடூவின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடைத்திருந்தாலும் வடக்குப் பக்கம் போங்கள். துறவிகள் வாழ்ந்த பகுதி அதுதான். பெரும்பாலோர் எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். குளிர்காயும் அறையில் அடுப்பு நடுவில் இருக்கிறது, அவர்கள் சுற்றிலும் நின்று காய்வதற்காக. உணவுக்கூடச் சுவரில், சமையலறையிலிருந்து சாப்பாடு நீட்டிய திறப்பு அப்படியே தெரியும். இங்கே தரை பெரும்பாலும் சமதளம், அம்மா மெதுவாக நடக்கலாம். ஈரப் புல்லில் வழுக்காத ஷூ போடச் சொல்லுங்கள். மூடுவதற்கு அரை மணி முன்பே நுழைவு நின்றுவிடும், மதியத்துக்குள் போய்ச் சேருங்கள்.