படிவத்தை நீட்டும் முன்…

கேள்வி: எங்கள் குழந்தைகள் இல்லத்தில் 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். சிறுவயதில் அடி, பாலியல் தொல்லை, புறக்கணிப்பு நேர்ந்ததா என்று கேட்கும் 10 கேள்விப் படிவம் இணையத்தில் கிடைத்தது. எல்லோரையும் உட்கார வைத்து நிரப்பச் சொல்லலாமா?
– இல்லக் கண்காணிப்பாளர்

பதில்: வேண்டாம். அந்தப் படிவம் 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின் வழியில் வந்தது. அந்த ஆய்வில் கேட்டது பெரியவர்களிடம். அதுவும் மக்கள்தொகையின் போக்கை அறிய. நடந்ததை எண்ணுமே தவிர, பிள்ளை இன்று எப்படி இருக்கிறாள் என்று சொல்லாது. இல்லத்துக்கு வந்த பிள்ளைக்கு ஏதோ நடந்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும், அதைக் கிளறுவானேன்?

உங்களுக்கு ஏற்றது கிரைஸ்-8 (CRIES-8), நடந்த நிகழ்வு பிள்ளையை இப்போது எவ்வளவு வாட்டுகிறது என்று பார்க்கும் படிவம். எட்டே கேள்விகள், கடந்த ஏழு நாள்களைப் பற்றி. நான்கு, வேண்டாமென்றாலும் நினைவு வந்து மோதுகிறதா என்று கேட்பவை. நான்கு, அந்த நினைவையும் பேச்சையும் தவிர்க்கிறாளா என்று கேட்பவை. மனதை அதிகம் உறுத்தும் ஒரு நிகழ்வை நினைத்துக்கொண்டால் போதும். அது என்னவென்று விவரிக்கச் சொல்லாதீர்கள்.

மதிப்பெண்ணில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'இல்லவே இல்லை' 0, 'அரிதாக' 1, 'சில நேரம்' 3, 'அடிக்கடி' 5. மொத்தம் 40. 17 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். எட்டுக்கும் 'சில நேரம்' என்ற பிள்ளைக்கு 24 வரும். 0, 1, 2, 3 என்று வரிசையாகப் போட்டால் 16 ஆகி, அவள் வடிகட்டலில் நழுவிவிடுவாள்.

சேர்ந்த அன்றே கேட்காதீர்கள். அன்று பார்க்க வேண்டியவை உடல் காயம், தூக்கம், தற்கொலை எண்ணம். ஒரு மாதமாவது போகட்டும். தனியறையில், ஒவ்வொருவராக, ஆற்றுப்படுத்துநர் கேட்கட்டும். விடுதிக் காப்பாளர் பக்கத்தில் இருந்தால் எல்லாமே 0 ஆகும். வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு இன்னொரு பிள்ளையை வாசிக்க விடாதீர்கள்.

'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. இதை முதலிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். சொன்னபின் அவள் வாய்மூடினாலும் பரவாயில்லை, நம்பிக்கை மிஞ்சும். படிவம் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், பொதுக் கோப்பில் வேண்டாம்.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் யாரிடம், எந்தக் கிழமை அனுப்புவது என்று பேசி முடித்த பிறகு கேள்வியைத் தொடங்குங்கள்.

கேள்வி: 15 வயதுப் பையன், எல்லாவற்றுக்கும் 'இல்லவே இல்லை' என்கிறான். ஆனால் கதவு படாரென்று சாத்தினால் துள்ளுகிறான், தொட்டால் அடிக்கிறான்.
– ஆற்றுப்படுத்துநர்

பதில்: துள்ளலும் கோபமும் கிரைஸ்-8இல் இல்லை, 13 கேள்விகள் கொண்ட வடிவத்தில்தான் உண்டு. 0 வந்ததாலேயே நலம் என்று எழுதிவிடாதீர்கள். பின்னாலிருந்து தொடாதீர்கள், பெயர் சொல்லி முன்னே வந்து பேசுங்கள். இரவுப் பணியாளரிடம் அவன் தூக்கத்தைக் கேட்டுக் குறியுங்கள். சில வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தினால் மதிப்பெண்ணுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். 'அடங்காதவன்' என்று தண்டித்துக் கொண்டிருப்பது வீண். அடுத்த முறை கதவு சாத்தினால் இன்னும் உயரத் துள்ளுவான்.