ரைனோமானோமெட்ரி என்றால் என்ன? மூக்கடைப்பை எப்படி அளக்கிறார்கள்?

மூக்கு வழியாக எவ்வளவு காற்று போகிறது, அதை இழுக்க எவ்வளவு அழுத்தம் தேவைப்படுகிறது, இந்த இரண்டையும் சேர்த்து அளப்பதுதான் ரைனோமானோமெட்ரி.

காற்றின் அளவை மட்டும் பார்த்தால் போதாதா? போதாது. பலமாக இழுத்தால் அடைத்த மூக்கிலும் கொஞ்சம் காற்று வரும். ஸ்ட்ராவை விரலால் நசுக்கிக்கொண்டு இளநீர் குடித்துப் பாருங்கள். கன்னம் குழிய உறிஞ்சினால்தான் அதே அளவு வரும். அந்தக் கூடுதல் உழைப்புதான் தடை. அதனால்தான் எல்லோரையும் ஒரே அழுத்தத்தில், பொதுவாக 150 பாஸ்கலில், வைத்து ஒப்பிடுகிறார்கள்.

ஒரு நாசித் துவாரத்தை, மெல்லிய குழாய் செருகிய டேப்பால் ஒட்டிவிடுவார்கள். அழுத்தத்தைப் பார்ப்பது அந்தக் குழாய். முகத்தில் மாஸ்க் வைத்து, வாயை மூடி, மற்ற துவாரம் வழியாக இயல்பாக மூச்சு விட வேண்டும். வலி கிடையாது. அப்புறம் பக்கம் மாற்றுவார்கள். (சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூக்கு பக்கம் மாறி அடைப்பது இயல்புதான், ஒரு பக்கக் கணக்கை மட்டும் நம்ப முடியாது.)

உண்மையான பயன் அடுத்த கட்டத்தில்தான். சவ்வு வீக்கத்தைச் சுருக்கும் ஸ்ப்ரே அடித்து, சற்று பொறுத்து மறுபடி அளப்பார்கள். காற்று நன்றாகக் கூடினால் வீக்கம்தான் முக்கியக் காரணம். பெரிய மாற்றம் இல்லையென்றால் மூக்கின் நடுத்தண்டு (இரு துவாரங்களையும் பிரிக்கும் சுவர்) வளைந்திருப்பது போன்ற அமைப்புக் கோளாறைச் சந்தேகிக்கலாம். மருந்தா ஆபரேஷனா என்று யோசிக்கும்போது டாக்டருக்கு இது கைகொடுக்கும்.

"தைலம் தடவினால் மூக்கு திறந்துவிடுகிறதே" என்பார்கள். மென்தால் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் அப்படித் தோன்றுகிறது, அளந்தால் காற்று கூடியிருக்காது.