குராசாவ் தீவுக்குப் போகாதவர்கள்

அன்புள்ள ஐயா,

1940இல் லிதுவேனியாவில் ஜப்பானியத் தூதரக அதிகாரியாக இருந்த சுகிஹாரா யூத அகதிகளுக்குக் கொடுத்தது ஜப்பான் வழியாகக் கடந்துபோவதற்கான விசா மட்டும்தான் என்று படித்தேன். அப்படியென்றால் அவர்களை ஏற்றுக்கொள்ள முன்வந்த நாடு எது?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

எந்த நாடும் இல்லை. 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி அகதிகளைப் பற்றிப் பேசின. பெரிய அளவில் இடம் தருகிறோம் என்றது டொமினிக்கன் குடியரசு மட்டும்தான். மற்றவர்கள் அனுதாபப்பட்டதோடு சரி.

இரண்டு வருடம் கழித்து, போலந்திலிருந்து தப்பி லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில் சிக்கிக்கொண்ட குடும்பங்களுக்குப் போக்கிடமாகக் காட்டப்பட்டது குராசாவ், கரீபியக் கடலில் அப்போது நெதர்லாந்துக்குச் சொந்தமாக இருந்த ஒரு தீவு. காட்டியவர் யான் ஸ்வார்ட்டென்டைக். பிலிப்ஸ் நிறுவனத்தின் கௌனாஸ் கிளையை நடத்தி வந்தவர், தூதரக அதிகாரியே அல்ல. 1940 ஜூனில்தான் நெதர்லாந்தின் கௌரவத் தூதர் பொறுப்பு அவரிடம் வந்தது.

அன்று குராசாவுக்குப் போக விசா வேண்டியதில்லை. ஆனால் அங்கிருந்த ஆளுநரின் அனுமதி வேண்டும், அது லேசில் கிடைக்காது. பக்கத்து நாடான லாத்வியாவின் தலைநகர் ரீகாவிலிருந்த நெதர்லாந்துத் தூதர் டி டெக்கர் இதில் இரண்டாவது பாதியை விட்டுவிட்டு எழுதச் சம்மதித்தார். ஸ்வார்ட்டென்டைக் அதையே பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு பொய்கூட இல்லை அதில். பாதி உண்மை மட்டும் இருந்தது.

போய்ச் சேரும் நாட்டின் அனுமதி இல்லாதவர்களுக்கு விசா தரக்கூடாது என்பது டோக்கியோவின் உத்தரவு. அதற்கு விடையாக சுகிஹாராவின் மேசைக்கு வந்தது இந்தக் குறிப்புதான். அவரும் கண்டிப்பாகச் சரிபார்க்கவில்லை. தகுதி போதாதவர்களுக்கும் எழுதினார். அப்புறம், லிதுவேனியாவைக் கைப்பற்றியிருந்த சோவியத் அரசும் வெளியேற அனுமதி தந்தது. சைபீரிய ரயிலில் விளாதிவோஸ்தோக், கப்பலில் சுருகா, அங்கிருந்து கோபே. மேலே போக வழியில்லாதவர்கள் 1941இல் ஷாங்காய்க்கு அனுப்பப்பட்டார்கள். குராசாவுக்கு அநேகமாக யாருமே போகவில்லை.

அந்த 1941 ஜூனில் ஜெர்மானியப் படை லிதுவேனியாவுக்குள் நுழைந்தது. அங்கே தங்கிவிட்ட யூதர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள்.

சுகிஹாராவை, யூதப் படுகொலைக்கான இஸ்ரேலின் நினைவகமான யாத் வஷேம் 1984இல் கௌரவித்தபோது அவர் உயிரோடு இருந்தார். ஸ்வார்ட்டென்டைக்குக்கு அந்த கௌரவம் 1997இல்தான் வந்தது. அவர் 1976இலேயே இறந்துவிட்டார். இது எனக்கு ஆறவே இல்லை. சுகிஹாராவைப் பற்றி யாரிடமாவது சொன்னால், இவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.