கல்லாய்ச் சமைந்த உயிர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மண்ணில் புதைந்த எலும்பெல்லாம் காலப்போக்கில் கல்லாகிவிடுமா?

ஆகாது. பெரும்பாலானவை மட்கித்தான் போகும். இறந்த உடல் சீக்கிரம் மூடப்பட வேண்டும். வெள்ள வண்டலோ ஏரியடிச் சேறோ எரிமலைச் சாம்பலோ, எதுவானாலும் சரி. தாமதமானால் பிணந்தின்னி விலங்குகள் எலும்புகளை இழுத்துச் சிதறடித்துவிடும். புதைந்த பிறகும் ஆபத்து உண்டு. மண் அமிலத்தன்மை மிக்கதாக இருந்தால் எலும்பு கரைந்துவிடும். சில சதுப்புகளில் தோல் பதனிட்டதுபோல் நிற்க, உள்ளே எலும்பு காணாமல் போயிருக்கும்.

எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அப்படைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் கனிமம். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் புரதம். புரதம் சிதையச் சிதைய, நிலத்தடி நீர் நுண்துளைகளில் புகுந்து சிலிக்கா, கால்சைட் போன்ற கனிமங்களைப் படியவிடும். அதே சமயம் அப்படைட் ஃபுளோரினை ஏற்று, படிகங்கள் பெரிதாகி, எளிதில் கரையாத நிலைக்கு வரும். அதாவது எலும்பு போய் அந்த இடத்தில் கல் வந்து உட்காருவதில்லை; பழைய கட்டமைப்பு அப்படியே இருக்க, இடுக்குகள் நிரம்புகின்றன. மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் செல்கள் இருந்த குழிகளும் ஆண்டு வளர்ச்சிக் கோடுகளும் தெரிவது இதனால்தான். சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் உள்ள ‘சூ’ என்ற டைரனோசாரஸ் சுமார் 28 வயதில் இறந்தது என்று கணித்ததும் இத்தகைய கோடுகளை எண்ணித்தான்.

கேள்வி: ஒரு பாறையில் சிப்பிகள் நிறைய இருக்கின்றன, நத்தை ஓடு ஒன்றுகூட இல்லை. அந்தக் கடலில் நத்தைகளே வாழவில்லையா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லக் கூடாது. இரண்டு ஓடுகளும் கால்சியம் கார்பனேட்தான். ஆனால் சிப்பியினுடையது பெரும்பாலும் கால்சைட், நத்தையினுடையது பெரும்பாலும் அரகோனைட். அரகோனைட் முதலில் கரையும். பாறையில் வெற்றுக் குழிகள் இருக்கின்றனவா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் தேடுங்கள். ஓடு கரைந்த அச்சு அது. சிலிக்கோன் ரப்பரை அதில் ஊற்றி எடுத்தால் மேற்பரப்பின் வரிகள்கூடக் கிடைக்கும். ‘இல்லை’ என்று எழுதும் முன் இதைச் செய்தே ஆக வேண்டும்.

கேள்வி: காலடித் தடத்தை வைத்து டைனோசரின் வேகத்தை எப்படிச் சொல்கிறார்கள்?

இங்கிலாந்து விலங்கியலாளர் அலெக்ஸாண்டர் 1976இல் தந்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. இரண்டே அளவுகள் போதும். தடத்தின் நீளத்தை நான்கால் பெருக்கினால் இடுப்பு உயரம் தோராயமாக வரும். அடுத்தது, ஒரு கால் பதிந்த இடத்திலிருந்து அதே கால் மறுபடி பதிந்த இடம்வரை உள்ள தூரம். வலது தடத்துக்கும் இடது தடத்துக்கும் இடையே அளந்தால் அந்தத் தூரம் ஏறத்தாழ பாதியாகிவிடும். பலர் தடுக்கி விழும் இடம் இது.

தடம் 50 செ.மீ. என்றால் இடுப்பு உயரம் 2 மீட்டர். ஒரே கால் இருமுறை பதிந்த தூரம் 2.6 மீட்டர் என்றால், அதை இடுப்பு உயரத்தால் வகுத்த விகிதம் 1.3. விகிதம் 2க்குக் கீழ் இருந்தால் நடை, 2.9க்கு மேல் ஓட்டம். இந்த விலங்கு மணிக்குச் சுமார் 6 கி.மீ. வேகத்தில் நிதானமாக நடந்திருக்கிறது. ஈரச் சேற்றில் கால் வழுக்கியிருந்தால் தடம் நீண்டு, இடுப்பு உயரமும் பொய்யாகக் கூடும். ஆகவே ஒரே தடத்தை நம்பாமல், தொடர் தடங்களின் சராசரியை எடுப்பதே முறை.

கேள்வி: டைனோசர் எலும்புக்குக் கார்பன்-14 சோதனை செய்யலாமா?

பயனில்லை. கார்பன்-14இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், 5,730 ஆண்டுகள். சுமார் 50,000 ஆண்டுகளுக்குப் பின் அளவிடக்கூடியது ஏதும் மிஞ்சாது. எலும்பை விட்டுவிட்டு, அது கிடந்த அடுக்குக்கு மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பலில் இருக்கும் சிர்கான் என்னும் கனிம மணிகளில் யுரேனியம், ஈய விகிதத்தை அளப்பார்கள். எலும்பின் வயது இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.

கேள்வி: சேகரித்து வைத்த அம்மோனைட்டில் (அழிந்துபோன கடலுயிரியின் சுருள் ஓட்டுப் புதைபடிவம்) வெளிர் மஞ்சள் தூள் பூக்கிறது, கந்தக வாடை வருகிறது. தண்ணீரில் கழுவலாமா?

கழுவவே கூடாது. அது பைரைட் என்னும் இரும்பு சல்ஃபைடு சிதைவது. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் பைரைட் ஆக்சிஜனுடன் சேர்ந்து இரும்பு சல்ஃபேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாறும். சல்ஃபேட் படிகம் அதிக இடம் பிடிப்பதால் கல் உள்ளிருந்தே வெடிக்கும். அமிலம் அட்டைப்பெட்டியையும் பெயர்ச்சீட்டையும் அரிக்கும்.

முதலில் மற்ற மாதிரிகளிடமிருந்து பிரித்து வையுங்கள். எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், சீட்டில் உள்ளதை நகலெடுங்கள். உலர்ந்த மென்தூரிகையால் தூளைத் தட்டிவிட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் மூடுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மீண்டும் போடலாம். மேலே வார்னிஷ் பூசுவதும் வேண்டாம். சிதைவு அதற்கடியில் தொடரும், உங்கள் கண்ணுக்குத்தான் தெரியாது. ஏற்கெனவே உருவான அமிலத்தை முறிக்க அருங்காட்சியகங்களில் அம்மோனியா வாயுவில் வைப்பார்கள். அதை வீட்டில் முயல வேண்டாம்.